அடுத்த எபிசோட் எப்போது?

போன மாதம் பயிலரங்குக்கு வந்தவர்களில் ஏழு பேர் கிட்டத்தட்ட ஒரே கதையைக் கொண்டுவந்திருந்தீர்கள். எதிர்காலம். பெரிய நகரம். நிஜக் கொலைகளைத் தொடராக ஓட்டிச் சம்பாதிக்கும் ஒரு நிறுவனம். பார்க்கிற கூட்டம் வாக்குப் போடுகிறது. ஒருத்தி தப்பி ஓடுகிறாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இது இப்போது காற்றில் இருக்கிற கதை.

நான் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு இருபத்திரண்டு வருஷம் க்ரைம் நிருபராக இருந்தவன். அப்புறம் பாக்கெட் நாவல் எழுதினேன். இரண்டிலும் எனக்குச் சோறு போட்டது கொலைதான். அந்த உரிமையில் சில சொல்கிறேன். எண் போட்டிருப்பது என் ஞாபகமறதிக்காக. முக்கியத்துவ வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் எதிர்காலத்தை மறந்துவிட்டுப் பழைய ரயிலடிக்குப் போங்கள்.

நிஜக் கொலையைப் பொழுதுபோக்காக விற்பதை நெட்ஃபிளிக்ஸ்தான் ஆரம்பித்தது என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். என் தாத்தா காலத்தில் ஒரு ஊரில் கொலை விழுந்தால் கொஞ்ச நாளில் அது சிந்தாகிவிடும். மட்டக் காகிதத்தில் சில பக்கம் அச்சடித்த கொலைச்சிந்துப் புத்தகத்தைச் சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். அரிவாளை ஓங்குகிற இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை நீட்டுவானாம் பாடுகிறவன். மீதி வேண்டுமென்றால் காசு கொடு. இன்றைக்கு எபிசோட் முடிகிற இடத்தில் உங்களை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அது இந்த வித்தைதான்.

1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். போட் மெயிலில் வந்த ஒரு டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. எழுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்று இரவும் யாரோ ஒருவர் யூடியூபில் அந்தப் பெட்டியைத் திறப்பார்.

பம்பாயில் 1959-இல் நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி. அவர் பக்கம் நின்று எழுதிய ‘பிளிட்ஸ்’ வார இதழ், 25 காசுக்கு விற்க வேண்டியது, 2 ரூபாய்க்குப் போனதாகச் சொல்வார்கள். தெருவில் ‘நானாவதி ரிவால்வர்’ என்று பொம்மைத் துப்பாக்கி கூவி விற்றார்கள். செத்தவர் பெயரில் துண்டும் விற்றார்கள். ஏன் துண்டு? சுடப்பட்டபோது அவர் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார். கைகலப்பு நடந்திருந்தால் துண்டு அவிழாமல் இருந்திருக்குமா என்பது வழக்கில் பெரிய வாதம். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தூக்கிப்போட்டது.

அந்தத் துண்டை 2090-இல் எப்படி விற்பார்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பறக்கும் கார் எதுவும் தேவைப்படாது.

2. உங்களுக்கு முன்னால் எழுதியவர்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்கரான ராபர்ட் ஷெக்லி 1958-இல் ஒரு சிறுகதை எழுதினார். ஒருவனைக் கொலைகாரர்கள் ஒரு வாரம் துரத்துகிறார்கள், நாடே டெலிவிஷனில் பார்க்கிறது, பிழைத்தால் பரிசு. அதிலிருந்து 1970-இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி ஒரு படம் எடுத்தது. பெயர் ‘தாஸ் மில்லியோனென்ஷ்பீல்’, கோடி விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நிஜ நிகழ்ச்சி போலவே, அந்த நாட்டின் நிஜமான டெலிவிஷன் தொகுப்பாளர் ஒருவரையே நடிக்க வைத்து எடுத்தார்கள். நடுவில் பொய் விளம்பரங்கள்கூட உண்டு. ஒளிபரப்பானதும் தொலைபேசி ஓயவில்லை. கண்டித்துக் கூப்பிட்டவர்கள் நிறைய. ஆனால் நானும் ஓட வருகிறேன், எங்கே பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சிலர் துரத்துகிற பக்கம் சேரக் கேட்டார்கள்.

உங்கள் ஏழு கதையிலும் ஓடுகிறவளைக் கட்டாயப்படுத்தித்தான் பிடித்து வருகிறார்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பிவிட்டு வரிசையில் நிற்கிறவள் ஒருத்திகூட இல்லை. அவளை எழுதுங்கள்.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத் திரும்பப் படியுங்கள். குழந்தை பெற அனுமதி, பெயருக்குச் சட்டம் என்று சர்வாதிகாரத்தை ஒரு சாதாரண வீட்டுக்குள் எவ்வளவு சுளுவாக நுழைத்துவிடுகிறார் என்று பாருங்கள். ஜீனோ என்கிற நாய்க்குட்டி இயந்திரத்தை ரசித்துவிட்டு இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

3. காசு எங்கிருந்து வருகிறது?

இதற்குப் பதில் இல்லாத கதை என்னிடம் வர வேண்டாம். எங்கள் காலத்தில் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் போஸ்டர்தான் வியாபாரம். உள்ளே இருப்பது நாலு வரிச் செய்தியாக இருக்கும். போஸ்டரில் நாலு வார்த்தை, யானை சைஸில். இன்றைக்கு அந்த வேலையைத் தம்ப்நெயில் பார்க்கிறது. உங்கள் உலகத்தில் யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்? செத்தவர் குடும்பத்துக்குப் பங்கு உண்டா? போலீஸ் நிலையம் எஃப்ஐஆரை ஏலம் விடுகிறதா? ஒரு கொலையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? கடைசிக் கேள்வியிலேயே ஒரு நாவல் இருக்கிறது.

4. வில்லனைச் சிரிக்க வைக்காதீர்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட நிறுவனத் தலைவர் கோட்டும் சூட்டுமாக ஜன்னலோரம் நின்று சிரிப்பது ஏழு கதையிலும் வருகிறது. நிஜத்தில் அப்படி ஒருவரும் தேவைப்படுவதில்லை. 1988 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியில் கிளாட்பெக் என்ற ஊரில் இரண்டு பேர் வங்கியைக் கொள்ளையடித்தார்கள். ஐம்பத்துநாலு மணி நேரம் பணயக் கைதிகளோடு ஊர் ஊராக ஓடினார்கள். கொலோன் நகரத்தின் கடைத்தெரு நடுவில் அவர்கள் கார் நிற்கிறது. உள்ளே ஒரு பெண்ணின் கழுத்தில் துப்பாக்கி. சுற்றி நிருபர்கள் மொய்த்துக்கொண்டு ஜன்னல் வழியாக மைக்கை நீட்டிப் பேட்டி எடுக்கிறார்கள். ஒரு நிருபர் நெடுஞ்சாலைக்கு வழி காட்டக் காரிலேயே ஏறிக்கொண்டார். அதற்கு முன்பே பேருந்தில் ஒரு பையனைச் சுட்டிருந்தார்கள். கடைசியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியும் செத்தாள். குற்றம் நடந்துகொண்டிருக்கும்போது குற்றவாளியைப் பேட்டி காணக் கூடாது என்று அந்நாட்டுப் பத்திரிகைக் குழு அதற்குப் பிறகுதான் விதி போட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வில்லன் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைக் கவனமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் முண்டியடித்து முன்வரிசைக்குப் போயிருப்பேன். அது தெரிந்ததால்தான் அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

இல்லை, எனக்கு ஒரு நிஜ வில்லன் வேண்டும் என்று அடம்பிடித்தால் பிரேசிலுக்குப் போங்கள். மனாவுஸ் நகரத்தில் வாலஸ் சௌசா என்பவர் முன்னாள் போலீஸ்காரர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், க்ரைம் நிகழ்ச்சி நடத்துகிறவர். அவருடைய கேமராக்காரர்கள் பிணம் கிடக்கிற இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுவார்கள். எப்படி? கொலைகளைச் சொல்லிச் செய்யவைத்ததே அவர்தான், போதைமருந்துப் போட்டியாளர்களும் ஒழிந்தார்கள், பார்வையாளர்களும் கூடினார்கள் என்று 2009-இல் குற்றம் சாட்டினார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். தீர்ப்பு வருவதற்குள் 2010-இல் இறந்துபோனார். அதை வைத்து 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடர் வெளியிட்டது. கவனித்தீர்களா, அவரும் கடைசியில் எபிசோட்தான் ஆனார்.

விற்றவரே விற்பனைச் சரக்காவது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற ‘இந்துநேசன்’ லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துப்பட்டுச் செத்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947-இல் விடுதலையானார்கள். அவதூறை வாங்கிப் படித்த அதே வாசகர்கள்தான் வழக்குச் செய்தியையும் வாங்கிப் படித்தார்கள்.

5. உங்கள் உலகத்துக்கு ஒரு தேய்ந்த மொழி வேண்டும்.

எங்கள் டெஸ்கில் சில சொற்கள் எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும். ‘சரமாரியாக வெட்டி.’ ‘ஓட ஓட விரட்டி.’ ‘துடிதுடித்து.’ செத்தவள் முப்பதுக்குள் என்றால் முகத்தைப் பார்க்காமலே ‘அழகி’. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல், ‘கள்ளக்காதல்’. அது மட்டும் போஸ்டரில் விழுந்தால் அன்றைக்குப் பார்சல் திரும்பி வராது.

ஒரு கிராமத்தில் வாய்க்கால் தகராறில் ஒரு பெண் வெட்டுப்பட்டுச் செத்தாள். காரணம் தண்ணீர்தான், எனக்கே தெரியும். நான் ‘கள்ளக்காதல் காரணமா?’ என்று எழுதிக் கொடுத்தேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் நாளைக்கு யாரும் கேட்க முடியாது என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போனபோது சுவரில் அவளுடைய ஒரே படம் கண்ணாடிச் சட்டத்தோடு தொங்கியது. ‘பிளாக் எடுத்துட்டுத் தந்துடறேம்மா’ என்று அவள் மாமியாரிடம் சொல்லி ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அடுத்த நாள் வேறு கொலை. அவளுக்கு ஏழு வயதில் ஒரு பையன். அவன் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்கும்.

நீங்கள் எழுதப்போகிற 2090-இல் இந்தச் சொற்களின் பேரக்குழந்தைகள் இருக்கும். அவற்றை உருவாக்குங்கள். செத்தவர்களை ‘உள்ளடக்கம்’ என்பார்களா? துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு என்ன பெயர்? பிறகு, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு குழந்தையை எங்காவது ஓரமாக நிற்க வையுங்கள். அவனுக்கு வசனம் வேண்டாம்.

6. சட்டத்தைப் படியுங்கள். கதைக்கு அதைவிட நல்ல சுரங்கம் இல்லை.

தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. சில அதிகாரிகளின் தொடர்பு அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. சிறைத்துறை தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஒருவருடைய அந்தரங்கம் அவருக்கே சொந்தம். ஆனால் நீதிமன்ற ஆவணம் போலப் பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டதை எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. கூடவே ஒரு விலக்கும் சொன்னார்கள்: பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காக வெளியிடக் கூடாது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள். 2019-இல் அவன் பெயரிலேயே ஒரு வெப் சீரிஸ் வந்தது.

பத்திரிகைக்காரனாக நான் கொண்டாடிய தீர்ப்பு இது. இன்றைக்கும் கொண்டாடுகிறேன். ஆனால் விஞ்ஞானக் கதை எழுதுகிறவன் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாமே பொதுப் பதிவேடாக ஆகிவிட்ட ஊரில் என்ன மிஞ்சும்? தெருக் கேமரா பதிவேடு, கைக்கடிகாரத்தில் துடித்த நாடி பதிவேடு, கடைசியாகத் தேடிய சொல் பதிவேடு. அந்த ஒற்றை விலக்கை மட்டும் ஒரு நாள் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால்? உங்கள் சர்வாதிகாரிக்குப் பீரங்கி வேண்டாம். ஒரு திருத்த மசோதா போதும்.

7. இயந்திரம் குறித்து ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் கற்பனை செய்வது ஏற்கெனவே நடந்திருக்கும். செத்த குழந்தை திரும்பி வந்து தன் கொலையைத் தானே சொல்லும் காட்சியை இருவர் எழுதியிருந்தீர்கள். 2023-லேயே டிக்டாக்கில் அப்படிப்பட்ட வீடியோக்கள் வந்துவிட்டன. கொலையுண்ட நிஜக் குழந்தைகளுக்குச் செயற்கை நுண்ணறிவில் முகமும் குரலும் செய்து, தங்கள் சாவைத் தாங்களே சொல்வதுபோல. எழுதுவதற்கு முன் தேடிப் பாருங்கள்.

8. தப்பாக மாட்டிக்கொள்கிறவனை மறக்காதீர்கள்.

2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெட்டிட்டில் ஆயிரக்கணக்கானோர் புகைப்படங்களைப் பெரிதாக்கித் துப்பறிந்தார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவன்தான் குண்டு வைத்தவன் என்று முடிவு கட்டினார்கள். அவனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு ராத்திரி முழுக்க வசவு போனது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவன் இறந்துபோயிருந்தான் என்று பின்னால் தெரிந்தது. துப்பறிந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி செய்வதாகத்தான் நம்பினார்கள். உங்கள் கதையில் வாக்குப் போடுகிற கூட்டம் ரத்தவெறி பிடித்துக் கூச்சல் போடுகிறது. அதைவிடப் பயங்கரம், கூட்டம் நியாயத்துக்காக அழுதுகொண்டே வாக்குப் போடுவது.

9. உங்கள் நாவலே அந்த நிகழ்ச்சியாகிவிடலாம்.

இதற்கு எனக்குத் தெரிந்து தப்பிக்கும் வழி கிடையாது. ஜாக்கிரதை மட்டும்தான் உண்டு. கொலையை ரசிக்கிறவர்களைத் திட்டி எழுதுகிற கதையில், கொலைக் காட்சிக்கு ஆறு பக்கமும் திட்டுவதற்கு அரைப் பக்கமும் ஒதுக்கியிருந்தீர்கள். வாசகன் எந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைப்பான்? ‘பிளாக் மிரர்’ தொடரில் 2013-இல் வந்த ‘வொயிட் பேர்’ பாருங்கள். நினைவிழந்த ஒரு பெண்ணைத் துரத்துகிறார்கள். சுற்றியிருக்கிறவர்கள் உதவாமல் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். நமக்கு அவர்கள்மேல் ஆத்திரம் வருகிறது. பிறகு அவள் என்ன செய்தவள் என்று சொல்கிறார்கள். அந்த நிமிஷம் நம் ஆத்திரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் கதை.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். கொலையை எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு நாவலைப் படித்துப் பாருங்கள். கதை நிற்கிறதென்றால் அந்த அத்தியாயம் யாருக்காக எழுதப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். என் பாக்கெட் நாவல்களில் இந்தச் சோதனையைச் செய்தால் அட்டை மட்டும்தான் மிஞ்சும்.

10. நிஜ வழக்கை அப்படியே தூக்கிப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஊர்க்காரன் கண்டுபிடித்துவிடுவான். வீட்டுக்காரர்கள் அதற்கு முன்பே கண்டுபிடிப்பார்கள்.

11. கடைசியில் கட்டடத்தை இடிக்காதீர்கள்.

ஸ்டீபன் கிங் வேறு பெயரில் எழுதிய ‘தி ரன்னிங் மேன்’ 1982-இல் வந்தது. துரத்தப்படுகிறவன் விமானத்தைக் கொண்டுபோய் நிறுவனத்தின் கோபுரத்திலேயே மோதுகிறான். அந்தக் காலத்துக்கு அது சரி. டெலிவிஷன் என்றால் ஒரு கட்டடம், மேலே ஒரு ஆண்டெனா. உங்கள் ஏழு கதைகளில் ஐந்து அப்படித்தான் முடிகின்றன: சர்வர் அறை வெடிக்கிறது, திரைகள் இருள்கின்றன, ஜனங்கள் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார்கள். தம்பி, ஜனங்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் ஒரு தொடர் கொலை. பதினெட்டு நாள் பத்திரிகை பறந்தது. நானும் சரியாகத் தூங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஆள் பிடிபட்டான், சட்டென்று, சண்டை சச்சரவு இல்லாமல், ஒரு சலூனில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது. அதை ஒரு நாள் போட்டோம். மறுநாள் போஸ்டரில் பஸ் கட்டண உயர்வு. சாயங்காலம் சிம்மக்கல் பக்கம் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் நின்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர், எறும்பை மிதிக்காதவர், பெண் குழந்தைகள் மூன்று. கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்:

“என்ன சார், இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?”

“நாளைக்கு இருக்கும்ணே” என்றேன்.